70 சதவீத அடைப்பு என்றால் ஸ்டென்ட் கட்டாயமா?

இதயம், ரத்தக்குழாய் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்கள்

அப்பாவுக்கு 62 வயது. மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோவில் வலது ரத்தக்குழாயில் 70 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைக்காவிட்டால் எந்த நேரமும் மாரடைப்பு வரும் என்கிறார்கள். மாத்திரை போதாதா?
— வாசகி, ஈரோடு

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) மாரடைப்பைத் தடுக்குமா என்பது ஒன்று. வலியைக் குறைக்குமா என்பது இன்னொன்று.

முதலாவதற்கு வருவோம். 2007-இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில் 2,287 பேர். பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும், மீதிப் பேருக்கு மாத்திரையோடு ஸ்டென்ட். இறப்பிலும் மாரடைப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. ‘ஆஞ்சியோ படத்தைப் பார்த்த பிறகுதானே ஆட்களைச் சேர்த்தீர்கள், மோசமான அடைப்புள்ளவர்களை ஒதுக்கியிருப்பீர்கள்’ என்று மறுப்பு வந்தது. நியாயமான மறுப்பு. அதனால் ‘இஸ்கீமியா’ ஆய்வில் ஆஞ்சியோவுக்கு முன்பே யார் எந்தப் பிரிவு என்று குலுக்கிப் பிரித்தார்கள். இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர், 2020-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும் முடிவு மாறவில்லை.

காரணம் இதுதான். மாரடைப்பு எப்போதும் அதிகம் சுருங்கிய இடத்தில்தான் வரும் என்பதில்லை. 30, 40 சதவீதமே அடைத்திருக்கும் கொழுப்புப் படிவம் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தும் வரும். ஸ்டென்ட் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தைத்தான் காக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லாக் குழாய்களிலும் வேலை செய்யும்.

வலி வேறு கதை. 2017-இல் பிரிட்டனில் வெளியான ‘ஆர்பிட்டா’ ஆய்வில் 200 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட் வைத்ததுபோல் எல்லாம் செய்து, வைக்காமல் விட்டார்கள். நோயாளிக்குத் தெரியாது. முழு மாத்திரையும் ஏற்கெனவே கொடுத்திருந்ததால், நடக்க முடிந்த நேரத்தில் கணக்கில் கொள்ளத்தக்க வித்தியாசம் வரவில்லை. அதே குழு நெஞ்சுவலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி சோதித்தபோது (2023) ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. அப்படியும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஓரளவு வலி மிஞ்சியது.

ஆனால் இந்த முடிவுகள் எல்லோருக்கும் பொருந்தாது. அப்பாவின் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். இடது பிரதானக் குழாயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு உண்டா? எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? கடந்த இரண்டு மாதத்தில் மாரடைப்போ, சும்மா இருக்கும்போதே வலியோ வந்ததா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் மேற்சொன்ன ‘இஸ்கீமியா’ ஆய்வு அவரைப் பற்றியதல்ல. மூன்றும் ‘இல்லை’ என்றால் மாத்திரையோடு தொடங்குவதில் தவறில்லை. வலி அடங்காவிட்டால் ஸ்டென்ட் அப்போதும் கைவசம் இருக்கும்.

மாத்திரை என்றால் முழுமையாக: ஆஸ்பிரின் 75 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் (ஒரு ஸ்டாட்டின்) 40 முதல் 80 மி.கி., வலிக்கும் பிரஷருக்கும் உரியவை. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 55-க்குக் கீழ் வரவேண்டும். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்ததும் ஸ்டாட்டினை நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அது நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்.

எங்கள் ஊரிலிருந்து கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) உள்ள மருத்துவமனைக்கு மூன்று மணி நேரம். பக்கத்தில் ஊசி மட்டும்தான் போடுவார்கள். மாரடைப்பு வந்தால் நேரே பெரிய மருத்துவமனைக்கே போய்விடலாமா?
— வாசகர், நீலகிரி மாவட்டம்

வேண்டாம். பக்கத்து மருத்துவமனைக்கே போங்கள். உள்ளே போன 10 நிமிடத்தில் இசிஜி எடுக்க வேண்டும். அதில் எஸ்டி பகுதி (இசிஜி கோட்டின் ஒரு துண்டு) உயர்ந்திருந்து, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைத் திறக்க வழியில்லை என்றால், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டுவிட வேண்டும்.

2013-இன் ‘ஸ்ட்ரீம்’ ஆய்வில் 1,892 பேர். வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்தவர்கள், ஒரு மணி நேரத்தில் கேத் லேப் சேர முடியாதவர்கள். டெனெக்டிப்ளேஸ் என்ற கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு ஆஞ்சியோ செய்த பிரிவில் இறப்பு, அதிர்ச்சி நிலை (ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிவது), இதயச் செயலிழப்பு, மறு மாரடைப்பு எல்லாம் சேர்ந்து 12.4 சதவீதம், நேரடி ஸ்டென்ட் பிரிவில் 14.3. ஊசி பின்தங்கவில்லை. ஆனால் 36 சதவீதம் பேருக்கு ஊசியால் குழாய் திறக்காமல் அவசர ஆஞ்சியோ தேவைப்பட்டது. ஆகவே ஊசி போட்டதும் ‘வலி போய்விட்டது, நாளை பார்க்கலாம்’ என்று அங்கேயே தங்காதீர்கள், ஆம்புலன்ஸில் கிளம்புங்கள். ஊசிக்குப் பின் 60 முதல் 90 நிமிடத்தில் இசிஜி மறுபடி எடுத்து, உயர்ந்த எஸ்டி பாதியாவது இறங்கியதா என்று பார்க்க வேண்டும்.

மூளையில் ரத்தக்கசிவு ஊசியின் ஆபத்து. அந்த ஆய்விலேயே நடுவழியில் 75 வயதைக் கடந்தவர்களுக்கு அளவைப் பாதியாக்கினார்கள். பழைய பக்கவாதம், அண்மை அறுவை சிகிச்சை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எதுவானாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆதாரம் உண்டு. சிறு மருத்துவமனைகளை கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து 2012 முதல் 2014 வரை 2,420 பேரிடம் நடத்திய ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

எனக்கு நீரிழிவு 15 வருடமாக. 200 மீட்டர் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது. கணுக்கால்-கை பிரஷர் விகிதம் 1.5 வந்தது, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு ஏன் வலி?
— வாசகர், யாழ்ப்பாணம்

1.5 நல்ல எண் அல்ல. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90-உம் அதற்குக் கீழும் அடைப்பு. 1.40-ஐத் தாண்டினால், குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கஃப் (பிரஷர் பட்டை) அமுக்கினாலும் அமுங்கவில்லை என்று பொருள். நீண்டகால நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் இது வழக்கம். உள்ளே அடைப்பு இருந்தாலும் எண் பெரிதாகக் காட்டும். உங்களுக்குத் தேவை கால் பெருவிரல் பிரஷர்: அதைக் கையின் பிரஷரால் வகுத்து 0.70-உம் அதற்குக் கீழும் வந்தால் அடைப்பு.

முதல் சோதனையைச் செய்த விதத்தையும் விசாரியுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் மல்லாந்து படுக்கவைத்து, இரு கைகளிலும், ஒவ்வொரு பாதத்தின் மேல்புறத் தமனியிலும் கணுக்கால் உட்புறத் தமனியிலும் கையடக்க டாப்ளரால் (ரத்த ஓட்டத்தை ஒலியால் காட்டும் கருவி) பார்க்க வேண்டும். அந்தக் காலின் இரண்டில் பெரிய எண்ணை, கைகளில் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். கை 140, கணுக்கால் 98 என்றால் 0.70. ஒரு கையை மட்டும் அளந்தாலோ, டாப்ளர் முனையை அழுத்திப் பிடித்துப் பாதத் தமனியையே நசுக்கினாலோ கணக்கு தவறும்.

அடைப்பு உறுதியானால் முதல் மருந்துகளில் நடையும் ஒன்று. வலி நன்றாகப் பிடிக்கும்வரை நடந்து, முழுதும் விடும்வரை நின்று, மறுபடி நடங்கள். 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரம். வலியே வராமல் உலாவினால் பலன் குறைவு. 2012-இன் ‘க்ளெவர்’ ஆய்வில், இடுப்புப் பகுதிக் குழாய் அடைப்புள்ள 111 பேரில், மேற்பார்வையோடு நடந்தவர்களின் நடைநேரம் ஆறு மாதத்தில் 5.8 நிமிடம் கூடியது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7. நடக்கும் முன் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். புண்ணோ, இரவில் படுத்திருக்கும்போதே பாத வலியோ இருந்தால் நடைப்பயிற்சி வேண்டாம், உடனே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போங்கள்.

ரிவரோக்ஸபான் சேர்த்தால் ஆபத்து 24 சதவீதம் குறையும் என்று படித்தேன். நானும் கேட்டு வாங்கலாமா?
— வாசகர், திருச்சி

ரிவரோக்ஸபான் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை. நீங்கள் படித்தது, அதை ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுத்த 2017-இன் ‘கம்பாஸ்’ ஆய்வு, 27,395 பேர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு மூன்றும் சேர்ந்து, ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 5.4 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 4.1. ஆயிரம் பேரில் 13 பேர் தப்பினார்கள். பெரிய ரத்தப்போக்கு 1.9-லிருந்து 3.1 ஆனது, ஆயிரத்துக்கு 12 பேர் கூடுதல். கால் குழாயிலும் அடைப்பு உள்ளவர்களுக்கு லாபம் அதிகம். முன்பு வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கு நஷ்டம் அதிகம். அங்கே கொடுத்தது 2.5 மி.கி. தினம் இருமுறை. தாறுமாறான இதயத் துடிப்புக்குத் தரும் 20 மி.கி. மாத்திரை வேறு, சீட்டில் உள்ள எண்ணை மருந்துக்கடையிலேயே சரிபார்த்து வாங்குங்கள்.