அமாக்ஸிசிலினுக்குக் கேட்காத காய்ச்சல் டாக்சிசைக்ளினுக்கு எப்படிக் கேட்டது? இரண்டில் எது ‘பவர்’ அதிகம்?

உங்கள் வீட்டில் யாருக்கோ மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், முதலில் கொடுத்தது பவர் குறைந்தது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். மேலூரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு, ‘இதைவிடப் பவரான மாத்திரை இல்லையா’ என்ற பேச்சைக் கேட்காத நாளே கிடையாது. ஆன்டிபயாடிக்குகளை அப்படி ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. எந்த மருந்து பாக்டீரியாவின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலினும், பின்னர் வந்த அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் ஆகியவையும் பீட்டா-லாக்டம் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியா வளரும்போது தன் செல்சுவரின் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்துக்கொண்டே போகிறது. அந்த இணைப்பைச் செய்யும் நொதியை இம்மருந்துகள் பிடித்து முடக்கிவிடுவதால், சுவர் நலிந்து, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடுகிறது. மனித செல்லுக்குச் சுவரே இல்லாததால், ஒவ்வாமை உள்ளவர்கள் நீங்கலாக, மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு இவை தொல்லை தருவதில்லை.

டாக்சிசைக்ளின் சுவரின் பக்கமே போவதில்லை. பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தயாரிப்பை நிறுத்துகிறது. அசித்ரோமைசினும், ஊசியாகப் போடும் அமிகாசினும் அதே ரைபோசோமைத்தான் வெவ்வேறு இடங்களில் தாக்குகின்றன.

இந்த வேறுபாட்டை என் சித்தப்பாவின் காய்ச்சலில் நேரிலேயே பார்த்தேன். அழகர்மலை அடிவாரத்தில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்வந்தவருக்கு, மழைக்காலத்தில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டன. ஊரில் ஒரு கடையில் சீட்டு இல்லாமலே அமாக்ஸிசிலின் வாங்கி விழுங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை. மதுரைக்கு அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி உடல் முழுவதும் தேடினார். அக்குளுக்குள், பீடி நெருப்புப் பட்டதுபோல் கருத்துக் காய்ந்த ஒரு சிறு புண் இருந்தது. வலி இல்லாததால் சித்தப்பாவுக்கே அது தெரியாது. ‘ஸ்க்ரப் டைபஸ்’, அதாவது உண்ணிக் காய்ச்சல், என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அன்றே டாக்சிசைக்ளினைத் தொடங்கினார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அந்தக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா நம் செல்களுக்கு உள்ளேயே குடியிருப்பது. அமாக்ஸிசிலின் செல்லுக்குள் அவ்வளவாக நுழையாது. நுழைந்தாலும், அது தாக்க வேண்டிய சுவர்ப்பொருள் அந்த பாக்டீரியாவிடம் மிகச் சொற்பம். டாக்சிசைக்ளின் செல்லுக்குள் புகுந்து ரைபோசோமைப் பிடிக்கக்கூடியது. ஆனால் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சிக்கு அமாக்ஸிசிலின்தான் ஏற்றது. அங்கே டாக்சிசைக்ளினைக் கொடுக்க மாட்டார்கள். பவர் என்ற கணக்கு இங்கே எங்கே நிற்கிறது?

மற்ற வகைகளில், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை டிஎன்ஏவைப் பிரதியெடுக்க உதவும் நொதிகளையும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஆர்என்ஏ உருவாகும் வேலையையும், கோட்ரைமாக்சசோல் பாக்டீரியா தானே தயாரித்துக்கொள்ளும் ஃபோலேட் என்ற வைட்டமின் உருவாவதையும் தடுக்கின்றன. சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவை வைரஸால் வருவதால், இவற்றில் எதுவும் அங்கே வேலை செய்யாது.

மருந்தாளுநர் மருத்துவம் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் யாருக்கும் மருந்து பரிந்துரைக்கவில்லை. மருந்து வேலை செய்யும் விதத்தைச் சொல்வது என் படிப்புக்கு உட்பட்டதுதான்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. சித்தப்பா வாங்கிய மாத்திரைகளை அந்தக் கடைக்காரர் அட்டையிலிருந்து வெட்டி, வெறும் காகித உறையில் போட்டுக் கொடுத்திருந்தார். வெட்டிய துண்டின் பின்புறத்தில் ‘சிலின்’ என்ற பின்பாதிப் பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது. முன்பு என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டபோது, அந்தக் கடைக்குப் போன் செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. செஃபிக்ஸிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது, மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 விதி 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவேடு இல்லாத மருந்துகளுக்கும் உறையின் மேல் பெயரை எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்களுக்கு உறையில் போட்டுக் கொடுத்தால், பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். வேறு மருத்துவரைப் பார்க்கப் போனால் அந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.