சேவா நிதி 11.71 லட்சம்: கல்லூரிக்கா, கழனிக்கா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் பரதராமி எங்கள் ஊர். ஒன்பதாவது முதல் இன்டர் (ஆந்திராவின் பிளஸ் டூ) வரை சித்தூரில் படித்தேன். நான்கு ஆண்டு மட்டும் ராணுவத்தில் இருக்கும் அக்னிவீராக எனக்கு நான்காம் ஆண்டு ஓடுகிறது. ஜனவரியில் வெளியே வந்துவிடுவேன், அப்போது வயது 23. வேலூரில் பி.காம். சேரலாமென்று ஆசை. மாமா, வருகிற பணத்தில் அரை ஏக்கர் கழனி வாங்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: நான்காண்டு முடிவில் மொத்தமாகக் கைக்கு வருவதுதான் சேவா நிதி. முதலில் இந்தப் பணம் எதற்கு ஈடாக வருகிறது என்று பாருங்கள். நான்கு ஆண்டில் உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 9,000, 9,900, 10,950, 12,000 என்று பிடித்தது 5,02,200 ரூபாய். அதே அளவு அரசு போட்டது. வட்டியும் சேர்ந்துதான் 11.71 லட்சம். வருமான வரி கிடையாது. ஆனால் ஓய்வூதியம், கிராஜுவிட்டி, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம் எதுவும் உங்களுக்கு இல்லை. பணியில் இருந்தவரை இருந்த 48 லட்சம் ஆயுள் காப்பீடும் வெளியே வரும் நாளோடு முடிகிறது. கடைசி மாதம் கைக்கு 28,000, அடுத்த மாதம் பூஜ்யம்.

ஆபத்தான காலம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை. கல்லூரி திறக்க ஐந்து மாதம் இருக்கும், பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும், ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கும். புல்லட், தங்கை கல்யாணம், கைமாற்று, மாதம் எட்டு பத்து சதவீதம் தருகிறோம் என்று வரும் ஆட்கள் எல்லாம் அந்த ஐந்து மாதத்தில்தான் வாசலுக்கு வருவார்கள். பணம் ஏறிய வாரத்திலேயே பிரித்துப் பூட்டிவிடுங்கள்.

நான் பிரிப்பது இப்படி. சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சம்: ஜூன் வரை வீட்டுச் செலவு, விண்ணப்பம், சேர்க்கை. படிப்புக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். தனியார் கல்லூரிக் கட்டணம் 40,000, மாதச் செலவு 9,000 என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் சில ஆயிரத்தில் முடிந்துவிடும், மீதி உங்களுக்கு லாபம். மூன்று ஆண்டுக்கு 4.5 லட்சத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள். ஒவ்வொரு மே மாதமும் ஒன்று முதிரும்படி மூன்றாகப் போடுங்கள், கட்டணம் கட்டும் நேரத்தில் டெபாசிட்டை உடைத்து வட்டியை இழக்க வேண்டாம். ஐந்து லட்சம் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில். அண்மைக் காலமாக வட்டி 7.4 சதவீதம், அந்தக் கணக்கில் மாதம் 3,083 ரூபாய் வரும். ஐந்தாண்டுத் திட்டம்தான், மூன்று ஆண்டு கழித்து மூடினால் ஒரு சதவீதம், அதாவது 5,000 பிடிப்பார்கள், அவ்வளவுதான். முதல் ஆண்டுக்குள் மட்டும் எடுக்கவே முடியாது. மிச்சம் 1.21 லட்சத்தில் மருத்துவக் காப்பீடும் லேப்டாப்பும் போக, கையிருப்பு. வங்கிப் பணத்தை இரண்டு வங்கியில் வையுங்கள். ஒரு வங்கிக்கு ஐந்து லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு.

கழனி வேண்டாம் என்பதற்குக் காரணம் மண் அல்ல. பத்து லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 90,000 அங்கேயே போய்விடும். ஜூனில் கட்டணம் கட்ட அதில் ஒரு சென்ட்டை விற்க முடியாது. வேலை கிடைத்த பிறகு மாமா சொல்லைக் கேட்கலாம்.

இனி பி.காம். பற்றி. 23 வயதில் வந்து மூன்று ஆண்டு முழுநேரம் படித்தால் 26-ல்தான் முதல் வேலை தேடுவீர்கள். கணக்குத் துறையில்தான் நிற்பேன் என்றால் அது நியாயமான விலை. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எழுத ஏதோ ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக என்றால் விலை அதிகம். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அக்னிவீர்களுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய கிரெடிட்டில் பாதி உங்கள் ராணுவப் பயிற்சிக்கே கிடைக்கும், மீதிப் பாதிதான் படிக்க வேண்டும். இன்னும் பதிவு செய்யவில்லையென்றால் இன்றைக்கே யூனிட் எஜுகேஷன் ஹவில்தாரிடம் கேளுங்கள், வெளியே வந்தபின் அலைவது பெரும்பாடு. ஒரு குறை: குறிப்பிட்ட பாடத்தில் எம்.ஏ., பி.எட். போக நினைத்தால் இந்தப் பட்டம் இடிக்கலாம்.

கல்லூரிதான் என்று முடிவானால், மாநில எல்லையைத் தாண்டிப் படித்தவர்களுக்கு மாட்டுவது காகிதத்தில்தான். ஆந்திர இன்டர் மதிப்பெண் பட்டியலில் இன்டிபேரு (குடும்பப் பெயர்) முழுசாக முன்னால் நிற்கும். ஆதாரிலும் வங்கியிலும் ஒற்றை இனிஷியல். ராணுவப் பதிவில் எப்படி இருக்கிறதோ அதற்கு ஆதார், பான், வங்கி மூன்றையும் இப்போதே ஒத்துவரச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பணம் வருவதும் சேர்க்கையும் சேர்ந்தே நிற்கும். மைக்ரேஷன் சான்று இன்டர் போர்டிலிருந்து வாங்க வேண்டும். தமிழகக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் கேட்கும். ஒன்பதாவது முதல் நீங்கள் இங்கே படிக்காததால் இடஒதுக்கீட்டுக்கு நேட்டிவிட்டி (பிறப்பிடச்) சான்று வேண்டும், இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கல்லூரிச் சேர்க்கைக் கையேட்டில் வயது வரம்பையும் பார்த்துவிடுங்கள். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கை வைக்காதீர்கள். அது பிள்ளைகளுக்கு, உங்களுக்கு அல்ல.

உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. கடைசி நான்கு ஆண்டு சித்தூரில் தொடர்ந்து படித்ததால், திருப்பதி எஸ்.வி. (ஸ்ரீ வெங்கடேஸ்வரா) பல்கலைக்கழகப் பகுதியில் நீங்கள் ‘லோக்கல்’. அங்கே 85 சதவீத இடங்கள் லோக்கல் மாணவர்களுக்கு. வேலூரில் கிடைக்காவிட்டால் சித்தூரைக் கைவிடாதீர்கள்.

சித்தூரில் ‘தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஸ்டடி சென்டர்’ என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் உள்ளே போகாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது, அந்தப் பட்டம் தேர்வாணையத்தில் செல்லாது.