நாய் உண்ணியால் வந்ததல்ல இந்தக் காய்ச்சல்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. விவசாயம் செய்கிறார். கார்த்திகை மாதம் 8 நாள்கள் விடாத காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. டெங்கு இல்லை, டைஃபாய்டும் இல்லை என்றார்கள். ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. பிறகு அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர், அக்குளில் இருந்த கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்றார். மாத்திரை தொடங்கி இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. “இனி மாத்திரை எதற்கு?” என்கிறார் கணவர். எங்கள் வீட்டு நாயின் உண்ணியால் வந்ததா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா? பக்கத்து வீட்டு அக்காவுக்கும் 4 நாளாகக் காய்ச்சல்.
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் மாத்திரை. காய்ச்சல் விட்டாலும் உடலில் கிருமி மிச்சம் இருக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த நாள் வரை அவர் சாப்பிட்டே ஆக வேண்டும். அந்த மாத்திரை டாக்சிசைக்ளின் என்றால், சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கட்டும். விழுங்கியதும் படுக்க வேண்டாம், உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நாய்மீது பழி வேண்டாம். நாய் உண்ணி வேறு, இது வேறு. ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்புழு. அளவு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது எலியின் மேலோ மனிதர் மேலோ ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் திசுநீரை உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். வாழ்நாளில் அது இப்படி உண்பது ஒரே ஒரு முறைதான். அப்படியானால் கடிக்கும் முன்பே அதற்குள் கிருமி எப்படி வந்தது? தாயிடமிருந்து, முட்டை வழியாக. தலைமுறை தலைமுறையாகக் கிருமி அந்தப் பூச்சிக்குள்ளேயே நிலைத்திருப்பதால், எலியை ஒழித்துவிட்டால் நோயும் ஒழிந்துவிடும் என்று நம்ப முடியாது.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. கடித்த இடத்தில் பெருகி, நிணநீர் வழியாக இரத்தத்துக்குள் போய், இரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. செல்லுக்கு வெளியே அதனால் பெருக முடியாது. உங்கள் கணவருக்கு முதலில் என்ன ஊசி போட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி அடங்காது. குழாய்ச் சுவர் கெட்டு நீர் கசியத் தொடங்கினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். சரியான மாத்திரை சில நாள் முன்போ பின்போ கிடைப்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. விலை குறைந்த மருந்து கையில் இருந்தும், நோய் பிடிபடாததால் மட்டுமே நல்ல உடல்வாகு உள்ளவர்கள் செயற்கை சுவாசக் கருவி வரை போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்படித் தீவிரமானவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்பதிலும் தெளிவு வந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தந்தது.

அந்தக் கறுப்புப் பொருக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகரெட்டால் சுட்ட தழும்புபோல, நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதின் பின்புறம் என்று பெரும்பாலும் மறைவான இடமாகவே இருக்கும். கூச்சத்தால் பெண்களிடம் பலமுறை தவறிவிடுகிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டிலேயே ஒருவர் நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதும் பார்த்துவிடலாம். எல்லோருக்கும் பொருக்கு இருப்பதில்லை. அது இல்லாததால் நோய் இல்லை என்று ஆகாது. இரத்தத்தில் செய்யும் ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனையும் முதல் வாரத்தில் ‘இல்லை’ என்று காட்டிவிடக்கூடும். அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறோம்.

பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து தொற்றாது. பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் அவர் போகும் அதே வரப்புக்கும் புதருக்கும் அவர்களும் போனால் அதே பூச்சி கடிக்கலாம். தடுப்பூசி கிடையாது, ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரவும் செய்யும். மழைக்காலமும் அதையடுத்த குளிர்மாதங்களும் முடியும் வரை கவனமாக இருங்கள். புல் அறுக்கவோ விறகு பொறுக்கவோ போனால் முழுக்கை சட்டை போடுங்கள், வெறும் புல்லில் உட்காராதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, அந்தத் துணியை வெந்நீரில் அலசுங்கள். துவைத்த துணியைப் புதர்மேல் காயப்போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு; கொடியில் போடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவை நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்போது பெரும்பாலும் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். உட்கார்ந்ததும், “எங்கள் தெருவில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் வந்திருக்கிறது” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.