ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளைப் பறிகொடுத்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. திருச்சியிலிருந்து படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. 130 யூரோ கொடுத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினீர்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், படகுத்துறைப் பக்கம் நிறுத்திவிட்டுப் போனீர்கள். இரவு பத்து மணிக்கு வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. "பூட்டித்தான் போனேன் அக்கா" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். இனி என்ன பூட்டு வாங்குவது, 100 யூரோ சைக்கிளுக்கு 50 யூரோவில் பூட்டு போடுவது நியாயமா, பாலத்துப் பக்கம் ஒருவர் 25 யூரோவுக்கு சைக்கிள் தருகிறேன் என்றாரே, அதை வாங்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்.

வாங்காதீர்கள். தெருவில் நின்றுகொண்டு 25 யூரோவுக்கு சைக்கிள் விற்பவர் கையில் இருப்பது இன்னொருவரிடம் திருடியதாகத்தான் இருக்கும். திருட்டுப் பொருளை வாங்குவதை இங்கே "ஹேலிங்" என்பார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய விலையிலும் இடத்திலும் வாங்கியிருந்தாலே குற்றம்தான். மாணவர் அனுமதியில் இருக்கும் நீங்கள் 25 யூரோவுக்காகப் போலீஸ் வழக்கில் போய் நிற்க வேண்டுமா? அதைவிட இன்னொன்று இருக்கிறது. அன்றைக்கு இரவு பத்து மணிக்கு நீங்கள் நின்ற மாதிரி, அந்த 25 யூரோ சைக்கிளுக்குச் சொந்தக்காரரும் எங்கோ வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அதை வாங்கும் ஆட்கள் இருக்கிறவரை அந்த வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கும்.

பழைய சைக்கிள் வேண்டுமானால் கடையில் ரசீதோடு வாங்குங்கள். பழைய பொருள்களை விற்கும் மார்க்ட்பிளாட்ஸ் இணையதளத்தில் வாங்குவதாக இருந்தால் விற்பவரின் வீட்டுக்கே போய்ப் பாருங்கள், சாவி இரண்டும் கேளுங்கள், சைக்கிளின் உடம்பில் அடித்திருக்கும் ஃபிரேம் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணைப் போலீஸ் நடத்தும் "ஸ்டாப்ஹேலிங்" தளத்தில் போட்டால் அது திருடு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். எண்ணைத் தேய்த்து அழித்திருந்தால் அடுத்த பேச்சே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள்.

சரி, பூட்டுக்கு வருவோம்.

நீங்கள் "பூட்டினேன்" என்று சொல்வது பின்சக்கரத்தில் இருக்கும் பூட்டைத்தான் என்று நினைக்கிறேன். நம்ம ஊர் சைக்கிளிலும் அது உண்டு. சக்கரக் கம்பிகளுக்கு நடுவே ஒரு இரும்பு வளைவு போய் உட்காரும், சாவியை எடுத்துக்கொண்டு போவோம். ஊரில் அது போதும், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். இங்கே அந்தப் பூட்டு சைக்கிளை ஓட்ட விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது.

நான் வந்த புதிதில் எனக்கு நடந்ததும் இதுதான். ஆம்ஸ்டல்வேனில் வீட்டுக்கு எதிரிலேயே, ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், பின்சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அது நின்ற இடத்தில் ஈரம் படாத ஒரு கோடு மட்டும் தரையில் இருந்தது. இரவு மழை பெய்திருந்தது. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்தக் காலை வேலைக்கு நடந்து போகும்போது அழுதேன். சைக்கிளின் விலைக்காக இல்லை, இந்த ஊரில் எனக்கென்று இருந்த முதல் பொருள் அது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. நள்ளிரவில் குடித்துவிட்டு, வீடு வரைக்கும் ஓட்ட ஒன்று கிடைத்தால் போதும் என்று எடுத்துவிட்டு, விடிவதற்குள் எங்காவது போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு பக்கம். இந்த ஊர்க் கால்வாய்களிலிருந்து ஆண்டுக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள்களை வெளியே எடுக்கிறார்கள் என்றால், காற்றில் விழுந்தது போக, வேண்டுமென்றே தள்ளிவிட்டதும் அதில் நிறைய இருக்கும். இவர்களைப் பின்சக்கரப் பூட்டே தடுத்துவிடும். அடுத்தது, இரும்பை வெட்டும் பெரிய கத்தரி மாதிரியான போல்ட் கட்டரோடு வந்து வரிசையாகப் பார்த்து, கட்டாமல் நிற்பதைத் தூக்கி வேனில் போடுகிறவர்கள். இவர்களுக்குச் சங்கிலிதான் பதில். இரும்பை அறுக்கும் பேட்டரி கிரைண்டரோடு வருகிறவர்களும் உண்டு. சாதாரணப் பூட்டு எதுவும் அதற்கு முன் நிற்காது, ஒன்றிரண்டு நிமிடத்தில் அறுத்துவிடும். ஆனால் அந்தச் சத்தத்தோடும் தீப்பொறியோடும் 100 யூரோ சைக்கிளுக்காக ஒருவர் மெனக்கெடுவது அபூர்வம். அவர்களின் குறி மூவாயிரம் யூரோ மின்சைக்கிள்.

அதனால் உங்களுக்கு வேண்டியது இரண்டு பூட்டு. பின்சக்கரத்தில் இருப்பது அப்படியே இருக்கட்டும். அதோடு ஒரு நல்ல சங்கிலிப் பூட்டு. இந்த ஊர்க்காரர்களைக் கவனியுங்கள், வண்டியை நிறுத்தியதும் குனிந்து ஒன்று, நிமிர்ந்து இன்னொன்று என்று பேசிக்கொண்டே இரண்டையும் போட்டுவிடுவார்கள். அவர்கள் கைக்கு அது பழக்கம். உங்களுக்கும் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

சங்கிலி வாங்கும்போது அட்டையில் "ஆர்ட்" என்ற முத்திரையும் நட்சத்திரங்களும் இருக்கிறதா பாருங்கள். இது நெதர்லாந்தில் பூட்டுகளைச் சோதித்துக் கொடுக்கும் தரச்சான்று. சைக்கிளுக்கு இரண்டு நட்சத்திரம் போதும், காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கின்றன. நான்கு நட்சத்திரமெல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு. இரண்டு நட்சத்திரச் சங்கிலியைக் கையில் எடுத்தால் கனமாக இருக்கும், ஒன்றரை இரண்டு கிலோ. கனம் பிடிக்கவில்லை என்று மெல்லிய கேபிள் பூட்டு வாங்கிவிடாதீர்கள். துணிக் கொடியில் ஜாக்கெட் போட்ட மாதிரி மேலே பிளாஸ்டிக் உறை தடிமனாகத் தெரியும், உள்ளே இருக்கும் கம்பி கையடக்கமான கட்டருக்கே தாங்காது. நம்பர் திருப்பித் திறக்கும் மலிவுப் பூட்டும் வேண்டாம். உருண்டைக் குழாய் மாதிரி சாவி உள்ள மலிவுப் பூட்டும் வேண்டாம். 2004-ல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனத்தின் அந்த வகைப் பூட்டுகளைச் சாதாரண பிக் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அழுத்தித் திருப்பியே திறந்து காட்டினார்கள். நிறுவனம் பூட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனம் எப்போதோ சாவியை மாற்றிவிட்டது, ஆனால் அதே அமைப்பைப் போலி செய்த பூட்டுகள் எங்கெங்கோ இன்னும் கிடைக்கின்றன.

யூ வடிவப் பூட்டு நல்ல பூட்டுதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த ஊரில் பாலத்துக் கைப்பிடி, தடித்த கம்பம், ஏற்கெனவே நான்கு சைக்கிள் சாய்ந்து நிற்கும் ஸ்டாண்டு என்று கிடைத்த இடத்தில் கட்ட வேண்டியிருக்கும். யூ பூட்டுக்கு அது எட்டாது. எட்டாத அன்று "பரவாயில்லை, பத்து நிமிடம்தானே" என்று சக்கரத்தில் மட்டும் மாட்டிவிட்டுப் போவோம். அன்றைக்குத்தான் போகும். பின்சக்கரப் பூட்டிலேயே செருகிக்கொள்ளும் சங்கிலியும் விற்கிறார்கள், மலிவு, வசதி. ஆனால் பின்சக்கரப் பூட்டை உடைத்துவிட்டால் சங்கிலியும் சேர்ந்து கழன்றுவிடும். தனிச் சாவியோடு தனியாக இருக்கும் சங்கிலியைத்தான் நான் வாங்கச் சொல்வேன். கிரைண்டரையே திணறடிக்கும் ஹிப்லாக், லைட்லாக் மாதிரிப் பூட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றின் விலைக்கு உங்கள் சைக்கிள் இரண்டு வாங்கலாம். வேலைக்குப் போய் மின்சைக்கிள் வாங்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

பூட்டும் விதம் பூட்டைவிட முக்கியம். சங்கிலி முதலில் அசையாத ஒன்றைச் சுற்ற வேண்டும், பிறகு ஃபிரேம் வழியாகப் போக வேண்டும், நீளம் மிச்சமிருந்தால் முன்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், திரும்பி வரும்போது முன்சக்கரம் மட்டும் பத்திரமாக இருக்கும். அந்தக் காட்சியை இங்கே வாரம் ஒருமுறை பார்க்கிறேன். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மேலிருந்து உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்தலாம், சுத்தியலாலும் அடிக்கலாம். இடுப்பு உயரத்தில் இறுக்கமாக இருந்தால் அந்த வேலை கஷ்டம். சாவித் துவாரம் கீழே பார்க்கட்டும், மழைநீர் இறங்காது. குளிர்காலம் வருமுன் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், உறைபனிக் காலையில் சாவி திரும்பாமல் வகுப்புக்குத் தாமதமாகும் தொல்லை இருக்காது. கம்பத்தில் கட்டுவதாக இருந்தால் கம்பத்தின் உச்சியைப் பாருங்கள், சைக்கிளைத் தூக்கி மேலாகக் கழற்றிவிட முடியுமா என்று.

அப்புறம், 100 யூரோ சைக்கிளுக்கு 50 யூரோ பூட்டா என்று கேட்டீர்கள். கணக்கை வேறு மாதிரி போடுங்கள். சங்கிலி இந்த சைக்கிளோடு போவதில்லை. நான் அந்த முதல் திருட்டுக்குப் பிறகு வாங்கிய சங்கிலி மூன்று சைக்கிளைப் பார்த்துவிட்டது. அந்த மூன்றில் ஒன்றுகூடத் திருடு போகவில்லை, ஒன்று துருப்பிடித்துப் போனது, ஒன்றை அண்ணன் மகனுக்குக் கொடுத்தேன், மூன்றாவதை இன்று காலையிலும் ஓட்டினேன். உங்கள் கையில் 150 யூரோ இருந்தால் 140-க்கு சைக்கிளும் 10-க்கு பூட்டும் வாங்காதீர்கள். 100-க்கு சைக்கிள், 50-க்கு பூட்டு. பக்கத்தில் நிற்கும் சைக்கிளைவிட உங்களுடையது கொஞ்சம் அழகு குறைவாகவும், பூட்டு கொஞ்சம் பெரிதாகவும் இருப்பது நல்லது.

பூட்டாமல் சைக்கிளை விடுவது இந்த ஊரில் ஒரு காலத்தில் பெரிய சண்டையாகவே இருந்தது. 1965-ல் புரோவோ என்ற இளைஞர் இயக்கம் சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம் என்று தெருவில் விட்டது. பூட்டாமல் நிறுத்துவது நகர விதிக்கு விரோதம் என்று போலீஸ் அவற்றை எடுத்துப் போய்விட்டது. அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உலகம் முழுக்க ஓடும் பொது சைக்கிள்கள். எனக்கு அந்த இளைஞர்களை மிகவும் பிடிக்கும்.

நீங்கள் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு முன்பக்கம், தண்ணீருக்கு அடியில், 2023 ஜனவரியில் 7,000 சைக்கிள் நிற்கும் நிறுத்தகம் திறந்தார்கள். பின்பக்கமும் அதே குளிர்காலத்தில் 4,000 சைக்கிளுக்கு இன்னொன்று திறந்தது. நீங்கள் சைக்கிளைத் தொலைத்த இடத்திலிருந்து அது கூப்பிடு தூரம். முதல் 24 மணி நேரம் காசு கிடையாது, ஆட்கள் இருக்கிறார்கள், மழை படாது. நம்ம ஊர் சைக்கிள் ஸ்டாண்டின் பெரிய வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் போகும் நாளில் வேறெங்கும் நிறுத்தாதீர்கள். உள்ளேயும் இரண்டு பூட்டையும் போடுங்கள்.

போன சைக்கிளைப் பற்றி இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்டேஷனைச் சுற்றி ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கும் சைக்கிள்களை நகராட்சி எடுத்துப் போய்விடும். அப்படி எடுத்துப் போனவற்றை வைக்கும் இடம் "ஃபீட்ஸ்டெபோ". அதனால் முதலில் அதன் தளத்தில் தேடுங்கள், நிறமும் நிறுத்திய இடமும் கொடுத்தால் போதும். அங்கே இருந்தால் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் அரசுத் தளங்களில் நுழைவதற்கான டிஜிடி கணக்கில் நுழைந்து போலீசில் புகார் பதியுங்கள், இலவசம்தான். "எண் தெரியாது, எப்படியும் கிடைக்காது" என்று விட்டுவிடாதீர்கள். விற்ற கடையின் ரசீதில் ஃபிரேம் எண் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

சொந்தமாக வாங்கவே பயமாக இருக்கிறது என்றால் முன்டயர் நீலமாக ஓடுகிறதே, ஸ்வாப்ஃபீட்ஸ், அது மாத வாடகை சைக்கிள். 2014-ல் டெல்ஃப்ட் மாணவர்கள் தொடங்கியது. சரியாகப் பூட்டியிருந்து, சாவியையும் காட்டினால், திருடு போனாலும் ஒரு குறிப்பிட்ட தொகையோடு முடிந்துவிடும், வேறு சைக்கிள் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு அதுவே மேல். இரண்டு வருடத்துக்கு மேல் இருப்பீர்கள் என்றால் சொந்த சைக்கிள்தான்.

புது சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சுக்கு அடியில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் எண் அடித்திருக்கும். அதைப் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள், சைக்கிளின் முழுப் படமும் ரசீதும் சேர்த்து. இரண்டாவது சாவியை அறையிலேயே வைத்துவிடுங்கள், இரண்டையும் ஒரே கொத்தில் கோக்காதீர்கள். முன்சக்கரம் கருவியில்லாமல் கையாலேயே கழற்றும் குவிக் ரிலீஸாக இருந்தால் கடைக்காரரிடம் சாதாரண நட்டு போடச் சொல்லுங்கள், சீட்டுக்கும் அப்படியே.

அண்ணன் மகன் போன மாதம் ஊர் திரும்பிவிட்டான், அவன் விட்டுப்போன இரண்டு நட்சத்திரச் சங்கிலி ஒன்று எங்கள் கீழறையில் கிடக்கிறது, சாவி இரண்டும் இருக்கிறது. சைக்கிள் வாங்கியதும் எனக்கு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்குப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், சனிக்கிழமை காலை எனக்கு ஓய்வுதான்.