கணினி கேள்வி–பதில்: காலை வாருவது யாருக்கு முன்பே தெரிகிறது?

கேள்வி: கைதிகள் விளையாட்டை (ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைப்பதா, காலை வாருவதா என்று இருவரும் தேர்ந்தெடுக்கும் ஆட்டம்) இரண்டு பேர் ஆடும்படி பைத்தான் மொழியில், நிரல்களை நெட்வொர்க்கில் இணைக்கும் சாக்கெட் மூலம் எழுதியிருக்கிறேன். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் காலை வாரினால் ஆளுக்கு 1, ஒருவர் மட்டும் வாரினால் அவருக்கு 5, மற்றவருக்கு 0. ஒருவர் போட்டதை சர்வர் மற்றவருக்கு அனுப்பிவிடும். நிதானமாகப் போடுகிறவரே ஜெயிக்கிறார். சில சமயம் இரண்டு பதில்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நண்பரின் லேப்டாப்பிலிருந்து இணைக்கவும் முடியவில்லை.
– கல்லூரி மாணவர், அல்சூர், பெங்களூரு

பதில்: உடனே அனுப்புவதுதான் கோளாறு. எதிராளி போட்டதைப் பார்த்துவிட்டு ஆடுகிறவர் ஒருபோதும் 0 வாங்கமாட்டார். இருவரும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டியதில்லை. மற்றவர் போட்டது தெரியாமல் ஆடினால் போதும். எனவே சர்வர் முதலாமவரிடம் ஒரு வரி வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாமவருடையதும் வந்த பிறகே முடிவை இருவருக்கும் அனுப்பட்டும். இதற்கு த்ரெட் (ஒரே நிரலில் பல வேலைகளை ஒருசேர ஓட்டும் முறை) வேண்டாம். இரண்டாமவர் முந்தினாலும் அவர் அனுப்பியது சாக்கெட்டின் பஃபரில், அதாவது வந்த தரவு தங்கும் தற்காலிக இடத்தில், காத்திருக்கும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், டிசிபி (தரவைக் கொண்டுசெல்லும் நெட்வொர்க் நெறிமுறை) பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவருமே தவிர, எங்கே ஒரு செய்தி முடிகிறது என்று சொல்லாது. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் நியூலைன் (வரி முடிவுக் குறி) போடுங்கள். வந்ததையெல்லாம் பஃபரில் சேர்த்து, நியூலைன் வரை வெட்டி எடுங்கள். மீதியை அடுத்ததற்கு வையுங்கள். தமிழ் எழுத்து அனுப்பினால் வெட்டிய பிறகே டிகோட் செய்யுங்கள், அதாவது பைட்டுகளை எழுத்தாக மாற்றுங்கள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ‘வா’ 6 பைட். பாதியில் டிகோட் செய்தால் பிழை வரும். ரிசீவ் (தரவை வாங்கும் கட்டளை) காலியாகத் திரும்பினால் எதிர்முனை மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காத லூப் ஓய்வில்லாமல் சுற்றும்.

ஒவ்வொரு வரியிலும் சுற்று எண்ணும் இருக்கட்டும். 30 விநாடி டைம்அவுட் வைத்தால், தாமதமாக வரும் 7ஆம் சுற்றின் பதில் 8ஆம் சுற்றில் சேர்ந்துவிடக்கூடும். பதில் வராத சுற்றை ரத்து செய்வதே நியாயம். வைஃபை போனதற்கு ஆட்டக்காரர் என்ன செய்வார்?

சர்வரை 127.0.0.1 என்ற, அதே கணினிக்கு மட்டுமான முகவரியில் பைண்ட் செய்திருந்தால் (பொருத்தியிருந்தால்) அடுத்த லேப்டாப்புக்கு எட்டாது, எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி 0.0.0.0 கொடுங்கள். அப்போதும் எட்டாவிட்டால் ஃபயர்வாலைப் பாருங்கள். பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி பூட்டியிருப்பதும் உண்டு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: இதே விளையாட்டுக்கு 10 சுற்று என்று முன்பே அறிவிக்கலாமா?
– வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: வேண்டாம். 10ஆவதில் வாரினால் பதிலடி கிடையாது. ஆகவே 9ஆவதிலும் பயமில்லை. இப்படியே முதல் சுற்றுவரை போய்விடும். இதே விளையாட்டைக் கணினி நிரல்களுக்கிடையே போட்டியாக நடத்திய அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட், தன் முதல் போட்டியில் 200 சுற்று என்று வைத்தார். இரண்டாவதில் ஆட்டம் எப்போது முடியும் என்பதைத் தற்செயலுக்கு விட்டார். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் 100இல் 1 வாய்ப்பில் ஆட்டம் முடியும்படி சர்வரே தீர்மானிக்கட்டும். சராசரி 100 சுற்று வரும். இந்தக் கணக்கு கிளையன்டில் (ஆட்டக்காரரின் கணினியில் ஓடும் நிரலில்) இருந்தால் ஆட்டக்காரர் எட்டிப் பார்த்துவிடுவார்.