அண்ணன் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் குடிக்கு அடிமை. அண்ணி போன வருடம் இறந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டும் இப்போது என்னிடம். சின்னவன் மூன்றாவது படிக்கிறான், எதற்கெடுத்தாலும் அழுகை, அடிதடி. பெரியவள் ஏழாவது. தங்கம். எதையும் கேட்பதில்லை. தம்பி சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள், பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருவாள். ராத்திரி தூங்கத்தான் நேரமாகிறது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கிறேன் என்கிறார். விடலாமா? பள்ளியில் கார்டியனாக என் பெயரைப் போட என்ன செய்வது?

எஸ்., விழுப்புரம்

அன்புள்ள எஸ்,

கார்டியன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி அப்பாதான் இயற்கைக் காப்பாளர். குடிக்கிறார் என்பதால் அது தானாகப் போய்விடாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம்தான் உங்களை நியமிக்க வேண்டும். வக்கீலைப் பாருங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் கேளுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் தருகிறார்கள். பையன் அழட்டும். அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை.

எங்கள் வீட்டிலும் சித்தப்பா மகள் ஒருத்தி வளர்ந்தாள். வந்த மறுநாளே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். தெருவே மெச்சியது. சைக்கிள் ஸ்டாண்ட் விழும் சத்தத்தை வைத்தே அவளுடைய அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாளாம். ஒருநாள் என் அப்பா ஏதோ யோசனையில் ஸ்டாண்டைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டார். அவ்வளவுதான், சின்னப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். என் அப்பா ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர். இன்றைக்கும் எந்தக் கல்யாணத்திலும் அவளுக்குக் கடைசிப் பந்திதான்.

உங்கள் அண்ணன் மகள் ஏன் தூங்குவதில்லை என்று யோசித்தீர்களா? டாஸ்மாக் மூடுவது ராத்திரி 10 மணிக்கு. அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று காத்திருந்தே வளர்ந்த பிள்ளை, 9 மணிக்கு எப்படிக் கண்ணை மூடும்? உங்களுக்கு வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்தது, அதனால் தங்கம் என்கிறீர்கள். கோபப்படாதீர்கள், இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை செய்தால்தான் இந்த வீட்டில் வைத்திருப்பார்கள் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். நீங்கள் ஒவ்வொரு முறை மெச்சும்போதும் அந்தக் கணக்கு சரி என்று டிக் போடுகிறீர்கள்.

பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்குங்கள். முதலில் மிரளுவாள், கொடுக்க மாட்டாள். விடாதீர்கள். தம்பிக்கு நீங்களே ஊட்டுங்கள். ஒருநாள் "இந்தக் குழம்பு நல்லாவே இல்ல அத்தை" என்று தட்டைத் தள்ளுவாள் பாருங்கள், அன்றைக்கு "இவ்வளவு செய்தும்..." என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஆசை தீரச் சண்டை போடட்டும். சொந்த மகளாக இருந்தால் இதற்குள் எத்தனை முறை போட்டிருப்பாள்!

அண்ணனா? வரட்டும். பகல் 12 மணிக்குக் கடை திறப்பதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தள்ளாடிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவது உங்கள் வேலை, உங்கள் கணவர் வேலை. அந்தப் பெண்ணை எழுந்து வர விடாதீர்கள்.