எட்டு இடம் வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: மாமியார், கணவர், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள் சகிதம் நகரத்தின் புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்க்கப் போனோம். ஒரே நாளில் எட்டு இடம். மூன்றாவதிலேயே "எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு" என்று மகன் உட்கார்ந்துவிட்டான். மறுபடி கூட்டிப்போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் பையன் சொன்னது சரி. முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்த எனக்கே எட்டாவது இடத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். என் மகளையும் ஒருநாள் இப்படி இழுத்தடித்தேன். அவளுக்கு இன்று நினைவிருப்பது ஒரு படிக்கட்டுக் கைப்பிடி நுனியிலிருந்த சிங்கத் தலை மட்டும்.

அடுத்த தடவை பழையது ஒன்று, புதியது ஒன்று போதும். பழைய கட்டடத்தில் ஜன்னலோரம் சுவரின் கனத்தைச் சாண் போட்டு அளக்கச் சொல்லுங்கள். அங்கே எடையைச் சுமப்பது சுவர். மாடி ஏற ஏற அடிச்சுவர் பருத்தாக வேண்டும். புதியதில் தூணும் பீமும் சுமந்துகொள்வதால் சுவர் வெறும் போர்வை, கண்ணாடியே போதும். சிகாகோவின் மொனாட்நாக் கட்டடத்தில் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். 1891இல் முடிந்த வடபாதி 16 மாடியும் செங்கல் சுவரில் நிற்கிறது. தரைமட்டத்தில் சுவர் 6 அடி கனம். இரண்டே வருடத்தில் ஒட்டிக் கட்டிய தென்பாதியைத் தாங்குவது எஃகுத் தூணும் பீமும். இதைச் சொல்லிவிட்டு, "நாம் பார்ப்பது எந்தப் பாதிக்குச் சொந்தம்?" என்று கேளுங்கள்.

சின்னவளுக்கு எடைக் கணக்கெல்லாம் வேண்டாம். கல் வளைவுகளின் உச்சியில் ஆப்பு மாதிரி நடுக்கல் இருக்கும், அதைத் தேடட்டும். அதை வைக்கும்வரை மற்ற கற்களை மரச்சாரம்தான் தாங்கிப் பிடிக்கும் என்றால் நிச்சயம் நிமிர்ந்து பார்ப்பாள். மாமியாருக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: சில பழைய கட்டடங்களில் மேலே போகப் போக ஜன்னல் சிறுத்துவிடுகிறதே, அழகுக்காகவா?

பதில்: அழகும் உண்டு, ஆனால் முக்கியக் காரணம் படிக்கட்டு. லிஃப்ட் இல்லாத காலத்தில் ஐந்து மாடி ஏற யாருக்குப் பிடிக்கும்? வசதியானவர்கள் உயரமான கூரையும் பெரிய ஜன்னலுமாக முதல் அல்லது இரண்டாம் மாடியில் இருந்துகொள்வார்கள்; கூரையடியில் குட்டை அறைகளில் வேலையாட்கள். பழைய பாரிஸ் குடியிருப்புகளில் இதை அப்படியே பார்க்கலாம். 1854இல் நியூயார்க் கண்காட்சியில் லிஃப்ட் விழாமல் தடுக்கும் கருவியைச் செய்த எலிஷா ஓடிஸ், லிஃப்ட் மேடைமீது நின்றுகொண்டு, அதைத் தூக்கிய கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை விழவில்லை, பாதுகாப்புப் பல் பிடித்துக்கொண்டது. லிஃப்ட் பரவப் பரவ வாடகை தலைகீழாகி, உச்சி மாடிக்குத்தான் கிராக்கி.